அம்மாவுக்கு வாக்கு உண்டு, எனக்கு ஏன் இல்லை?

கேள்வி: நான் டென்மார்க் பிரஜை. 1989இல், ஐந்து வயதில், அம்மாவோடு கொழும்பிலிருந்து ஹெர்னிங் நகருக்குப் போனேன். அப்பா அதற்கு முன்பே அங்கே அகதியாக இருந்தார். படித்தது, முதல் வேலை பார்த்தது எல்லாம் அங்கேதான். திருமணம் முடிந்து 2009இல் இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்தோம். கணவர் டோர்ட்முண்டில் வளர்ந்தவர், ஜேர்மன் பிரஜை. அப்பா காலமான பிறகு, பிரெக்ஸிட்டுக்கு முன்பே, அம்மாவையும் எங்களோடு அழைத்துக்கொண்டோம். டெனிஷ் மொழிப் பரீட்சைக்குப் பயந்து அவர் கடைசிவரை அந்த நாட்டுப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை. இன்றும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். 2022 நவம்பரில் டென்மார்க்கில் பொதுத்தேர்தல் நடந்தபோது எனக்கு வாக்காளர் அட்டை வரவில்லை. கேட்டதற்கு, நாட்டை விட்டுப் போனவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்காது என்றார்கள். 2024 ஜூலை 4 அன்று அம்மாவைக் கைபிடித்து இங்குள்ள வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனேன். அம்மா உள்ளே போய் வாக்களித்துவிட்டு வந்தார். நான் வாசலில் நின்றேன். எனக்கு இரண்டு நாட்டிலும் வாக்கு இல்லையா? என் கணவருக்காவது உண்டா? லண்டனில் இருக்கும் மச்சாள் பிரெஞ்சுப் பிரஜை. வீட்டிலிருந்து கணினியிலேயே வாக்களித்தேன் என்கிறார். அது உண்மையா?
வாசகி, லெஸ்டர்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். என் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் உங்கள் வீட்டைப் போன்றவை நிறைய. ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாலு கடவுச்சீட்டுகள். ஒவ்வொன்றையும் கொடுத்த நாடு, வெளியே போன தன் பிரஜையைப் பற்றி ஒவ்வொரு விதமாக நினைக்கிறது. கடவுச்சீட்டு இருந்தால் வாக்கும் இருக்கும் என்றுதான் எல்லோரும் எண்ணுகிறோம். ஐரோப்பாவில் பல நாடுகளில் அது அப்படியில்லை.

முதலில் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கு நல்ல செய்தி. உங்களுக்கு வாக்கே இல்லை என்பது சரியல்ல. 2020 டிசம்பர் 31க்கு முன்பிருந்தே சட்டப்படி இங்கே வாழும் ஐரோப்பிய ஒன்றியப் பிரஜைகள் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வந்தவர்களுக்கு இந்த உரிமை சுருங்கிவிட்டது. ஆனாலும் டென்மார்க், போலந்து, போர்த்துக்கல், ஸ்பெயின், லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளோடு பிரித்தானியா தனி உடன்படிக்கை செய்திருப்பதால் அந்தப் பிரஜைகளுக்கு அது தொடர்கிறது. ஆக உங்களுக்கு இரண்டு வழியிலும் கவுன்சில் வாக்கு உண்டு. ஸ்கொட்லாந்திலோ வேல்ஸிலோ குடியிருந்தால் அங்குள்ள நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களித்திருப்பீர்கள். உங்களுக்கு மூடியிருப்பது வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது பிரித்தானிய, நாடாளுமன்றத் தேர்தல் மட்டுமே. இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கவுன்சிலின் தேர்தல் பிரிவில் கேட்டு உறுதி செய்யுங்கள். 2019 மே 23 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கூடுதலாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்பது தெரியாமல் போன எத்தனையோ ஐரோப்பியப் பிரஜைகளை வாக்குச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். உரிமை இருந்தும் காகிதம் இல்லாமல் வாக்கு போன நாள் அது.

இப்போது டென்மார்க். உங்கள் பெயரை யாரோ ஓர் அதிகாரி மறந்து வெட்டிவிடவில்லை. 1953ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு, டெனிஷ் இராச்சியத்துக்குள் நிலையான வதிவிடம் உள்ள பிரஜைக்குத்தான் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு என்கிறது. கிரீன்லாந்திலோ பரோ தீவுகளிலோ வாழ்ந்தால் இராச்சியத்துக்குள்தான் கணக்கு. லெஸ்டர் அதற்கு வெளியே. சில விதிவிலக்குகளைத் தேர்தல் சட்டம் தருகிறது: டெனிஷ் அரசோ டெனிஷ் நிறுவனமோ வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள், படிக்கப் போனவர்கள், உடல்நலக் காரணத்தால் வெளியே இருப்பவர்கள், இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பும் எண்ணத்தோடு போனவர்கள். அவர்களும் விண்ணப்பித்தால்தான் இடாப்பில் சேரலாம். நீங்கள் 2009இலிருந்து லெஸ்டரில் வீடு வாசலோடு இருக்கிறீர்கள். இதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. இழுத்தடித்து நம்பிக்கை தருவதைவிட இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் உங்களுக்குச் செய்யும் உதவி. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் இதே நிலைதான். ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் வாழும் டென்மார்க் பிரஜை அந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரித்தானியா வெளியேறியதோடு அந்த வாசலும் உங்களுக்கு மூடிவிட்டது.

"சட்டத்தை மாற்றலாமே?" என்று கேட்பீர்கள். மாற்ற வேண்டியது அரசியலமைப்பை. ஒரு நாடாளுமன்றம் நிறைவேற்றி, இடையில் பொதுத்தேர்தல் நடந்து, புதிய நாடாளுமன்றமும் ஒரு சொல் மாறாமல் நிறைவேற்றி, பின் பொதுசன வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். அந்தப் பெரும்பான்மை நாட்டின் மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. 1953க்குப் பிறகு அந்த ஆவணத்தை யாரும் திருத்தவில்லை. 2014 ஜனவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு டென்மார்க், அயர்லாந்து, சைப்பிரஸ், மால்டா, பிரித்தானியா ஆகிய ஐந்து நாடுகளையும் பெயர் சொல்லி, ஒன்றியத்துக்குள் இடம்பெயர்ந்த பிரஜையின் வாக்கைப் பறிக்காதீர்கள் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டளை அல்ல. தேசிய நாடாளுமன்றத் தேர்தலில் யாருக்கு வாக்கு என்பது ஒன்றியத்தின் அதிகாரத்துக்குள் வராது. பக்கத்து நாடுகளைப் பார்த்தால் மனம் இன்னும் கனக்கும். சுவீடனும் நோர்வேயும் வெளியே போன பிரஜையைப் பத்து ஆண்டுகள் தாமாகவே இடாப்பில் வைத்திருக்கின்றன. அதன்பிறகு அவர் கேட்டால் மறுபடி சேர்க்கின்றன.

டென்மார்க் மீது உங்களுக்குள்ள பற்று கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதற்கு வரலாறும் இருக்கிறது. 1987இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். நீங்களும் அம்மாவும் கொழும்பில் காத்திருந்த ஆண்டுகள் அவையாகவே இருக்க வேண்டும். விசாரணை அறிக்கை வெளிவந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995இல் விசேட நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அன்று அந்த அகதிகளுக்குப் பொதுத்தேர்தலில் ஒரு வாக்கும் கிடையாது. ஆனாலும் அவர்களுக்கு இழைத்த அநீதிக்காக ஓர் அரசு பதவி இழந்தது. அந்த நாட்டின் பிரஜையாக வளர்ந்த உங்களுக்கு, "உன் பெயர் இல்லை" என்ற பதில் ஏன் இவ்வளவு வலித்தது என்பது எனக்கு விளங்குகிறது.

அம்மாவின் வாக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாய நாடுகள். அந்த நாட்டுப் பிரஜைகள் ஒரு காலத்தில் பிரித்தானிய முடியின் குடிகளாகக் கருதப்பட்டவர்கள். அந்தப் பழைய உறவைச் சட்டம் இன்றும் வெட்டவில்லை. வதிவிட அனுமதியோடு பிரித்தானியாவில் வாழும் பொதுநலவாயப் பிரஜை எல்லாத் தேர்தல்களிலும், நாடாளுமன்றத் தேர்தல் உட்பட, வாக்களிக்கலாம். அயர்லாந்துப் பிரஜைக்கும் அப்படியே. சென்னையிலிருந்து மாணவர் விசாவில் வந்து இறங்கிய பிள்ளைக்கும் இது பொருந்தும். நம்மவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. பிரித்தானியக் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை வாக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டே பத்து ஆண்டுகளைக் கடத்தியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இங்கிலாந்தில் 2023 மே முதல் வாக்குச்சாவடியில் படத்துடன் கூடிய அடையாள ஆவணம் காட்ட வேண்டும். அம்மாவின் இலங்கைக் கடவுச்சீட்டே அதற்குப் போதும். காலாவதியாகியிருந்தாலும் படத்தில் ஆளை அடையாளம் காண முடிந்தால் ஏற்பார்கள்.

நீங்கள் கேட்ட நியாயத்தைப் பற்றி என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஒரு நாட்டின் சட்டத்துக்குக் கீழே வாழ்பவர்தான் அந்தச் சட்டத்தை இயற்றுபவர்களைத் தெரிவு செய்ய வேண்டும் என்று டென்மார்க் நினைத்தால், அதில் ஒரு நியாயம் உண்டு. தன் பிரஜைக்கும் பொதுநலவாய, அயர்லாந்துப் பிரஜைகளுக்கும்தான் நாடாளுமன்ற வாக்கு என்று பிரித்தானியா சொன்னால் அதிலும் உண்டு. தனித்தனியே பார்த்தால் இரண்டையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு விதிகளுக்கும் நடுவே ஓர் ஆள் விழுந்துவிட்டால் அவரைத் தூக்கிவிடும் பொறுப்பு எந்த நாட்டுக்கும் இல்லை. ஐரோப்பா முழுக்கச் சுதந்திரமாக இடம்பெயரலாம் என்று சொல்லி வளர்த்த ஒரு தலைமுறைக்கு நேர்ந்த அநீதி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது நீங்கும்வரை ஒவ்வொருவரும் ஒரு நாட்டிலாவது முழு வாக்காளராகத் தம்மை ஆக்கிக்கொள்ள வேண்டும். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலையும் இதுதான்.

உங்களுக்கு அந்த நாடு பிரித்தானியாதான். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து ஓராண்டு கடந்திருந்தால் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,500 பவுண்டுக்கு மேல் போகும், சிறிய தொகை இல்லை. இன்னொரு குடியுரிமை எடுத்தால் டெனிஷ் கடவுச்சீட்டு போய்விடும் என்ற பயம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. 2015 செப்டம்பர் 1 முதல் டென்மார்க் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. பயப்பட வேண்டாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிரித்தானியப் பிரஜையான பிறகு ஒருநாள் யாழ்ப்பாணத்துக்கோ வேறெங்கோ போய் இருந்துவிட்டாலும் உங்கள் வாக்கு உங்களோடு வரும். முன்பு அப்படியில்லை. நாட்டை விட்டுப் போய் 15 ஆண்டுகள் கடந்தால் வாக்கு போய்விடும். ஹாரி ஷிண்ட்லர் என்ற முதியவர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் போரிட்டவர், பிற்காலத்தில் அங்கேயே குடியேறியவர். அந்த விதியை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2013இல் தோற்றார். ஆனாலும் ஓயவில்லை. 2022இல் நிறைவேறிய தேர்தல் சட்டம் அந்த 15 ஆண்டு எல்லையை நீக்கியது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2024 ஜனவரி 16. ஷிண்ட்லர் அதற்கு முந்தைய ஆண்டு பெப்ரவரியில், 101 வயதில், காலமாகிவிட்டார். ஓய்வுக்காலத்தைச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கழிக்கும் பிரித்தானியத் தமிழர்கள் பலருக்கு அவர் வென்று கொடுத்த இந்த உரிமை பற்றித் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தபால் வாக்கைவிட இங்குள்ள நம்பிக்கையான ஒருவரைத் தமக்காக வாக்களிக்கும் பதிலாளாக நியமிப்பதே தூரதேசத்தில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு.

உங்கள் கணவருக்கு வருகிறேன். அவருக்கு ஜேர்மனியில் வாக்கு உண்டு. பதினான்கு வயதுக்குப் பிறகு தொடர்ந்து மூன்று மாதமாவது ஜேர்மனியில் வாழ்ந்திருக்க வேண்டும், அது கடந்த 25 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். 2012இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பழைய விதியைச் செல்லாது என்று தீர்த்த பின், 2013இல் வந்த சட்டம் இது. அவர் 2009இல் கிளம்பியவர் என்பதால் 2034 வரை கவலை இல்லை. அதற்குப் பிறகும், ஜேர்மன் அரசியலோடு தமக்கு நேரடியான பரிச்சயமும் பாதிப்பும் உண்டு என்று காட்ட முடிந்தால் வழி இருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் அவர் லெஸ்டரிலிருந்தே ஜேர்மனிக்காக வாக்களிக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால் தபாலில். ஜேர்மனி தன் தூதரகங்களில் வாக்குச்சாவடி வைப்பதில்லை. ஒருமுறை பதிந்தால் போதும் என்ற ஏற்பாடும் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக, கடைசியாகப் பதிவாகி வாழ்ந்த ஊரின் நகராட்சிக்கு, அதாவது டோர்ட்முண்டுக்கு, விண்ணப்பம் போக வேண்டும். தேர்தலுக்கு 21 நாள் முன்பு அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிறகு வாக்குச்சீட்டு தபாலில் வரும். நிரப்பித் திருப்பி அனுப்பியது தேர்தல் ஞாயிறு மாலை 6 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். 2024 டிசம்பரில் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று, 2025 பெப்ரவரி 23க்கு அவசரத் தேர்தல் வந்தபோது இந்த ஏற்பாடு திணறிப்போனது. வேட்பாளர் பட்டியல் முடிவாகி வாக்குச்சீட்டு அச்சாகவே பெப்ரவரி ஆகிவிட்டது. வெளிநாடுகளில் பதிந்திருந்த பலருக்குச் சீட்டு தேர்தல் முடிந்த பிறகுதான் வந்தது. லண்டனிலிருந்த ஜேர்மன் தூதரே தமக்கும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே தேர்தலில் ஒரு கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைவதற்கான 5 விழுக்காட்டை 10,000க்கும் குறைவான வாக்குகளால் தவறவிட்டது. ஆகவே கணவரிடம் சொல்லுங்கள்: தேர்தல் திகதி செய்தியில் வந்த அன்றே விண்ணப்பம் போகட்டும். சீட்டு கைக்கு வந்த அன்றே நிரப்பி, சாதாரணத் தபாலில் போடாமல், காசு செலவானாலும் கூரியரில் அனுப்பட்டும்.

அவரும் பிரித்தானியப் பிரஜாவுரிமை எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எடுக்கலாம். 2024 ஜூன் 27 முதல் ஜேர்மனி இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. ஆனால் உங்கள் உறவினரில் யாராவது 2021 தொடக்கத்துக்கும் அந்தத் திகதிக்கும் இடையில், முன் அனுமதி பெறாமல் பிரித்தானியப் பிரஜையாகியிருந்தால், அவரை உடனே ஒரு சட்டத்தரணியிடம் அனுப்புங்கள். ஜேர்மன் குடியுரிமை தானாகவே போயிருக்கக்கூடும், அது தெரியாமலே அந்தக் கடவுச்சீட்டை வைத்திருக்கவும் கூடும்.

மச்சாள் சொன்னது உண்மைதான். இந்த விஷயத்தில் பிரான்ஸ் பெரிய மனதோடு நடக்கிறது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுப் பிரஜைகளுக்கென்றே 577 பேர் கொண்ட சபையில் 11 ஆசனங்கள், 2012 முதல். பிரித்தானியா, அயர்லாந்து, நோர்டிக், பால்டிக் நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு தொகுதி. உங்கள் மச்சாளுக்கு லண்டனில் இருந்தபடியே தமக்கென ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார். இந்த உறுப்பினரைத் தெரிவு செய்யும் தேர்தலில் இணையவழியே வாக்களிக்கலாம். ஜனாதிபதித் தேர்தலில் அது கிடையாது. வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும், அல்லது பதிலாள் நியமிக்க வேண்டும். 2027இல் அதை மறந்து கணினி முன் உட்கார்ந்துவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தூதரகப் பதிவு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும். அதோடு, பாரிஸ் இடாப்பிலும் லண்டன் தூதரக இடாப்பிலும் ஒரே நேரத்தில் பெயர் இருக்க முடியாது. இணைய வாக்கிலும் சறுக்கல் உண்டு. 2022 தேர்தலில் இணைய வாக்குக்கான விவரங்கள் பலருக்குப் போய்ச் சேராததால், இரண்டு தொகுதிகளின் முடிவை அரசியலமைப்புச் சபை 2023 ஜனவரியில் ரத்து செய்து மறுதேர்தல் நடத்த வைத்தது.

இத்தாலியும் இப்படி வெளிநாட்டுப் பிரஜைகளுக்கு ஆசனம் ஒதுக்குகிறது. 2006இல் பிரதமர் ரொமானோ ப்ரோடியின் செனட் பெரும்பான்மையே அந்த ஆசனங்களில் தங்கியிருந்தது. போர்த்துக்கலில் நடந்தது வேறு கதை. 2022 தேர்தலில் ஐரோப்பாவில் வாழும் போர்த்துக்கீசரின் வாக்குகளில் ஐந்தில் நாலு பங்கை, 1,57,000க்கும் மேற்பட்டதை, செல்லாததாக்கினார்கள். அடையாள அட்டைப் பிரதி வைத்த உறையும் வைக்காத உறையும் எண்ணும்போது கலந்துபோனதுதான் காரணம். நீதிமன்றம் தலையிட்டு அந்தத் தொகுதிக்கு மட்டும் மறுபடி தேர்தல் வைத்தது. தபால் உறைக்குள் என்ன வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை வரி வரியாக வாசிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

உங்கள் கடிதத்தில் அயர்லாந்துக்கு மாறிப் போகும் யோசனை இல்லை. இருந்தாலும் அங்கே வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கூடிவருவதால் ஒரு வரி. அயர்லாந்தும் டென்மார்க்கைப் போலத்தான்: பொதுவாக வெளியே போன பிரஜைக்கு வாக்கு இல்லை. 18 மாதங்களுக்குள் திரும்பும் எண்ணம் இருந்தால் உண்டு, ஆனால் நேரில் வந்து போட வேண்டும். 2015இலும் 2018இலும் பொதுசன வாக்கெடுப்புகளுக்காக விமானத்திலும் கப்பலிலும் ஊர் திரும்பிய அயர்லாந்து இளைஞர்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே உங்கள் பெயரும் அம்மாவின் பெயரும் லெஸ்டர் இடாப்பில் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். உங்கள் பெயருக்கு எதிரே எந்த நாட்டுப் பிரஜை என்று குறித்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள், அதை வைத்துத்தான் எந்தத் தேர்தலில் உங்களுக்குச் சீட்டுக் கொடுப்பார்கள். வதிவிட உரிமைக் கடிதம், கடந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டை விட்டு வெளியே போய்வந்த திகதிகள், வருமான வரிப் பத்திரங்கள், இவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு அதுதான் அடிப்படை. அடுத்த கவுன்சில் தேர்தலுக்கு அம்மாவோடு போகும்போது உங்கள் கடவுச்சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டெனிஷ் கடவுச்சீட்டும் அங்கே செல்லுபடியாகும் அடையாள ஆவணம்தான். இந்த முறை நீங்கள் இருவரும் சேர்ந்தே உள்ளே போகலாம்.